டெல்ஃபீன் ட்ராமல் போடாத மனு

புதன், ஜூன் 3. காலை 8.20.

முன்பின் தெரியாத ஒருவன் டெல்ஃபீன் ட்ராமலின் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

முதலில் கூரை. அடுத்து புகைபோக்கி. பிறகு குந்தி உட்கார்ந்து, அடித்தளச் சுவரின் விரிசலைக் கைப்பேசியில் பிடித்தான். டெல்ஃபீனுக்கு அறுபத்தெட்டு வயது. பிப்ரவரியில் கண் அறுவை ஆனதிலிருந்து பொடி எழுத்து தெரியாது. கார் ஓட்டக் கூடாது. ஆனால் தன் புல்தரையில் ஒருவன் குந்தியிருப்பது தெரியாத அளவுக்குப் பார்வை போய்விடவில்லை. வீட்டுச் செருப்போடு இறங்கிப் போனாள்.

"யாருப்பா நீ? என் வீடு என்ன சினிமா நடிகையா, சுத்திச் சுத்திப் படம் புடிக்கற?"

அவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "இன்னும் குடியிருக்கீங்களா? மன்னிச்சுக்கங்கம்மா. பதினாறாம் தேதி ஏலம். விலை கேக்கறதுக்கு முன்னாடி கூரையைப் பாக்கணும்ல?"

"என்ன ஏலம்?"

"லஃபாயெட் கோர்ட்டு வாசப்படியில. பதினொரு மணிக்கு."

"கோர்ட்டு நேரமா, நம்ம நேரமா?"

"கோர்ட்டு நேரம்."

லானெட் ஊரில் இதைக் கேட்காமல் யாரும் எதற்கும் கிளம்பமாட்டார்கள். அலபாமா மாநிலம் முழுக்க ஒரு நேரம். ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜார்ஜியா மில்லின் சங்குக்கு எழுந்து பழகிய தோஷத்தில், ஒரு மணி நேரம் முந்தி. தங்களுடையதை முந்துநேரம் என்பார்கள், மாநிலத்துடையதைப் பிந்துநேரம் என்பார்கள். மில் மூடி எத்தனையோ வருஷமாகிறது. கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கவில்லை.

"வீடு மாறி வந்துட்ட தம்பி. நான் ஒரு மாசத் தவணை பாக்கி வெச்சதில்ல."

அவன் நாளிதழிலிருந்து கத்தரித்த துண்டை நீட்டினான். அவளுக்குப் படிக்க முடியவில்லை. அவனே படித்தான். பெயர் சரியாக இருந்தது. தெரு சரியாக இருந்தது. கதவு எண்கூடச் சரியாக இருந்தது. டெல்ஃபீன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலை 11.45.

ஓபலைகா ஊரில் வக்கீல் கார்லண்ட் வைஸின் அலுவலகம். கூட்டி வந்தது ஓலீட்டா பின்கார்ட். முப்பத்திரண்டு வருஷத் தோழி. மில்லில் டெல்ஃபீன் ஆட்களின் நேர அட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தபோது ஓலீட்டா நூற்புப் பிரிவில் இருந்தாள். டெல்ஃபீனின் கணவனைப் புதைத்த அன்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போதும் வக்கீலின் எதிரே அதே கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டைக் காப்பாத்த ஒரு வழி இருக்கும்மா" என்றார் வைஸ். "திவால் மனு. போட்ட நிமிஷமே ஏலம் நிக்கும். பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி, அரசாங்கம் ஒப்புக்கிட்ட ஒரு மையத்துல கடன் ஆலோசனை வாங்கணும். போன்லயே ஒரு மணி நேரம். வரவு என்ன, செலவு என்னன்னு கேட்டு ஒரு சான்றிதழ் குடுப்பாங்க. அது இல்லாம மனு செல்லாது." சொல்லிக்கொண்டே அவளுடைய பெயரைக் கணினியில் தட்டியவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை தட்டினார்.

"ஏம்மா, நீங்கதான் பிப்ரவரியிலேயே மனு போட்டிருக்கீங்களே?"

"நானா?"

"வக்கீல் வெச்சுக்காம, தபால்ல அனுப்பியிருக்கு. ஆலோசனைச் சான்றிதழும் பத்திரமா இணைச்சிருக்கு. அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டும் நீங்க ஆஜராகல. ஏப்ரல்ல வழக்கைத் தள்ளிட்டாங்க. தண்டனையா, ஆறு மாசம் மறுபடி மனு போடத் தடை."

"ஆறு மாசமா? ஏலம் பதிமூணு நாள்ல!"

"ஆமா."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. செப்டம்பரிலிருந்து வீட்டுக்குத் தவணையே போகவில்லை. கடன் கம்பெனியின் கடிதங்களும் கோர்ட்டின் கடிதங்களும் பக்கத்து ஊரான வெஸ்ட் பாயிண்டில் ஏதோ ஒரு தபால் பெட்டிக்குப் போயிருந்தன. முகவரி மாற்றச் சொல்லி ஒரு பெண் குரல் தொலைபேசியில் கேட்டிருக்கிறது. டெல்ஃபீனின் பிறந்த தேதியும் அரசாங்க எண்ணும் அந்தக் குரலுக்கு மனப்பாடம்.

"பெட்டி யார் பேர்லன்னு தபால் ஆபீஸ்ல கேட்டா?" என்றாள் டெல்ஃபீன்.

"கோர்ட்டு உத்தரவு வேணும். ஆறு வாரமாகும். அதுக்குள்ள அந்த வீட்டுல வேற யாரோ சமைச்சுக்கிட்டிருப்பாங்க. இதைக் கேளுங்க. அந்த மனு உங்களுது இல்லைன்னு நீதிபதி நம்பினா, அந்த வழக்கையே உங்க பேர்லேருந்து நீக்கிடுவார். தடையும் போயிடும். ஆனா 'நான் போடல'ன்னு இந்த மேஜைக்கு முன்னால தினம் ஒருத்தர் சொல்றாங்க. யார் போட்டாங்கன்னு சொல்லணும்."

திரும்பி வரும்போது காரை ஓட்டியது ஓலீட்டா. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் சொல்லக் கூடாது டெல். ஆனா உன் நம்பரெல்லாம் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளயே இருக்கறவங்களுக்குத்தானே தெரியும்."

வீட்டுக்குள் இருந்தது ஒருத்திதான். டெல்ஃபீனின் செத்துப்போன தம்பியுடைய மகள், ஷனீஸ்.

வெள்ளி, ஜூன் 5. மாலை 4.30.

சமையலறை மேஜையைச் சுற்றி நான்கு பேர். லானெட் போலீஸ் சார்ஜென்ட் மெர்சர் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். கோர்ட்டிலிருந்து சான்றிதழின் நகல். ஆலோசனை மையத்திலிருந்து அன்றைய உரையாடலின் செலவுப் பட்டியல். பட்டியலைக் கேட்டு வாங்கியது டெல்ஃபீன்தான். "என் பேர்ல இருக்கற பதிவை எனக்கே குடுக்கமாட்டீங்களா?" என்று ஒரு போடு போட்டாள், அனுப்பிவிட்டார்கள்.

மெர்சர் அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பாவின் நேர அட்டையில் எத்தனையோ தடவை சிவப்பு மசியால் சுழித்தவள் டெல்ஃபீன்.

"மிஸ் டெல்ஃபீன், தவணை எப்படிப் போகும்?"

"மாசம் ஒண்ணாம் தேதி அறுநூத்துப் பன்னிரண்டு டாலர் ரொக்கமா ஓலீட்டாகிட்ட குடுப்பேன். தபால் ஆபீஸ்ல மணி ஆர்டர் வாங்கி, உறையில போட்டு ஒட்டி எடுத்துட்டு வருவா. மறுநாள் வேலைக்குப் போறப்ப ஷனீஸ் அதைத் தபால்ல சேப்பா."

ஓலீட்டா கைப்பையைத் திறந்தாள். ரப்பர் வளையம் போட்ட ஒரு சின்னக் கட்டு. "பத்து மாசத்துக்குப் பத்து ரசீதுத் துண்டு. எண்ணிப் பாருங்க சார்ஜென்ட். ஒவ்வொண்ணும் அறுநூத்துப் பன்னிரண்டு."

மெர்சர் எண்ணினார். பத்து. தொகை சரி. தேதி சரி. அவர் கண் மெல்ல ஷனீஸ் பக்கம் திரும்பியது.

"உறை உன் கைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு." ஷனீஸுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "வந்ததைப் பெட்டியில போட்டேன்."

"எந்தப் பெட்டியில?"

"நீல நிறத்துல, தெருமுனையில நிக்குமே, அந்தப் பெட்டியில. வேற எங்க போடுவாங்க?"

"நக்கல் வேண்டாம். பிப்ரவரி பதினொண்ணு, புதன்கிழமை. ஒரு பொம்பளை ஆலோசனை மையத்துக்குப் போன் பண்ணி, நான்தான் டெல்ஃபீன் ட்ராமல்னு பேசியிருக்கா. காலையில ஒம்பது இருபதுக்கு ஆரம்பிச்சுப் பத்தேகாலுக்கு முடிச்சிருக்கா. அப்ப எங்க இருந்தே?"

ஓலீட்டா முந்திக்கொண்டாள். "எங்களைக் கேட்டா, நானும் டெல்லும் பைபிள் வகுப்புல. ஒம்பதுலேர்ந்து பத்து வரைக்கும். பன்னிரண்டு பேர் சாட்சி. பத்துப் பத்துக்கு இவளை இந்த வாசல்ல இறக்கி விட்டேன். மறுநாள் இவளுக்குக் கண் ஆபரேஷன், அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

"உன்னைக் கேட்டேன் ஷனீஸ்."

"அன்னிக்குப் பத்தரை மணி ஷிப்ட். அதுவரைக்கும் இங்கதான் தூங்கிட்டிருந்தேன்."

"தனியாவா?"

"தூங்கறதுக்கும் சாட்சி வெச்சுக்கணுமா?"

மெர்சர் செலவுப் பட்டியலை எடுத்து வாசித்தார். "தண்ணி முப்பத்தெட்டு. கரண்ட் நூத்து நாப்பது. சர்ச் காணிக்கை எண்பது. கண் சொட்டு மருந்து அம்பத்தஞ்சு. அடக்கச் செலவுக் காப்பீடு இருபத்து மூணு நாப்பது. எல்லாம் சரியா மிஸ் டெல்ஃபீன்?"

"எல்லாம் சரி" என்றாள் டெல்ஃபீன். "பைசா மாறாம சரி."

"அப்ப இது கூடவே இருக்கற ஆள் பண்ணின வேலை."

அந்த வார்த்தைதான் அவளை உசுப்பிவிட்டது. ஒன்பது வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் வந்த பெண். கூடவே இருந்து குழி பறித்துவிட்டாளே! டெல்ஃபீன் எழுந்து நின்றாள்.

"பையைக் கொட்டு."

"அத்தை?"

"கொட்டிக் காட்டுன்னு சொன்னேன். போலீஸ்காரர் பாக்கட்டும்."

ஷனீஸ் கொட்டினாள். சீப்பு, உதட்டுச் சாயம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், பேருந்துச் சீட்டுகள். மெர்சருக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓலீட்டா மட்டும் மேஜையில் உருண்ட உதட்டுச் சாயத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள போயி மீதியையும் பாத்துக்குங்க" என்றாள் ஷனீஸ். அழவில்லை. "கட்டிலுக்கு அடியில ஒரு காபி டப்பா இருக்கும். அதுல எண்ணூத்து நாப்பது டாலர். நீங்க கண்ணை மூடினா ஊர்ல தட்டு ஏந்தி வசூல் பண்ணிப் பொதைக்கற நெலைமை வரக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா நான் சேத்தது. அதையும் திருட்டுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

சிதறியதையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"விடு டெல்" என்றாள் ஓலீட்டா. "நான் இருக்கேன்ல?"

சனி, ஜூன் 6. காலை 7.10.

டப்பா கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கசங்கிய ஐந்தும் பத்துமாக எண்ணூற்று நாற்பது. மூடியில் ஒட்டிய காகிதத்தில் 'அத்தை' என்று மட்டும் எழுதியிருந்தது.

டெல்ஃபீன் அதை மேஜையில் வைத்துக்கொண்டு இரண்டு கோப்பை காபி குடித்தாள். மூன்றாவது ஆறிப்போனது. ஏதோ ஒன்று நெருடியது. மில்லில் இந்த நெருடலுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். அட்டை சரியாக இருக்கும், அதில் நேரம் குத்திய ஓட்டை சரியாக இருக்கும், ஆனாலும் ஆள் ஏமாற்றியிருப்பான். அதை மோப்பம் பிடிக்க வேண்டும்.

அடக்கச் செலவுக் காப்பீடு, இருபத்து மூன்று டாலர் நாற்பது.

அந்தக் காப்பீடு இருப்பது ஷனீஸுக்குத் தெரியாது. சாவு என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள், அவளிடம் என்ன சொல்வது என்று ஆறு வருஷமாக டெல்ஃபீன் வாயே திறக்கவில்லை. தவணையை ஏஜெண்டிடம் நேரில்தான் கட்டுவாள். தபாலில் எதுவும் வராது. தெரிந்திருந்தால் அந்தப் பெண் எதற்காக ஐந்தும் பத்துமாகச் சேர்க்க வேண்டும்? போனில் பேசிய குரலுக்கோ தொகை பைசா சுத்தமாகத் தெரிந்திருக்கிறது.

காப்பீட்டில் கையெழுத்துப் போட்ட அன்று அவளோடு போனது யார்? மாதாமாதம் ஏஜெண்டிடம் கார் ஓட்டிக்கொண்டு போவது யார்?

'சேச்சே' என்றாள் டெல்ஃபீன் உரக்கவே. ஓலீட்டா பைபிள் வகுப்பில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஒன்பது இருபதுக்கு இவள் காதோரம் தலைவலி என்று முனகியதுகூட ஞாபகம் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் காபிக்குக்கூட இறங்காமல், தலைவலி என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமைக் காபியை ஓலீட்டா தவறவிட்டது அந்த ஒரு நாள்தான்.

டெல்ஃபீன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள். நேற்று எல்லாவற்றையும் மெர்சர்தான் வாசித்தார். அவள் கேட்டதோடு சரி. இப்போது சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக ஊர்ந்தாள். பெயர். தேதி. நேரம், 10.15. அதற்குப் பக்கத்தில், எறும்பு அளவில், மூன்று எழுத்து.

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

திங்கள், ஜூன் 8. மதியம் 2.00.

பள்ளி மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "நேர அட்டையை வெளியாளுக்குக் காட்டக் கூடாதே."

"காட்ட வேண்டாம்பா. சார்ஜென்ட் மெர்சர் வெளிய நிக்கறார். அவருக்குக் காட்டு. ஒரே ஒரு நாள்."

மெர்சர் உள்ளே போய் ஐந்தாவது நிமிஷம் வந்தார். "பிப்ரவரி பதினொண்ணு. பத்து இருபத்தெட்டுக்கு உள்ள. ரெண்டரைக்கு வெளிய. நடுவுல பிள்ளைங்களுக்குப் பரிமாறிட்டிருந்திருக்கா. முந்நூறு பிள்ளைங்க சாட்சி."

"முந்துநேரம்தானே?"

"இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல வேற என்ன நேரம் இருக்கப்போவுது?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். "அட, என் மடத்தனமே!"

செவ்வாய், ஜூன் 9. காலை 10.30.

ஓலீட்டா எலுமிச்சை கேக் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் மெர்சரைக் கண்டதும் ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் அகலமாகச் சிரித்தாள். "கண்டுபிடிச்சுட்டீங்களா? ஒத்துக்கிட்டாளா?"

"உக்காரு ஓலீட்டா" என்றாள் டெல்ஃபீன். "இந்தத் தாளைப் பாரு. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. உனக்கு நல்லாத் தெரியுமே. பத்தேகாலுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

ஓலீட்டா பார்த்தாள். தாளைத் தள்ளி வைத்தாள்.

"நானே சொல்றேன். மத்திய நேரம்னு போட்டிருக்கு, அதான் பிந்துநேரம். கோர்ட்டுக்குப் போற தாளாச்சே, கோர்ட்டு நேரம்தான் போடுவாங்க. சார்ஜென்ட் படிச்சார், நாம மூணு பேரும் கேட்டோம், நாலு பேருமே லானெட் ஆளுங்க. பத்தேகால்னு காதுல விழுந்தா நம்ம சுவத்துக் கடிகாரம்தான் ஞாபகத்துக்கு வருது. முப்பத்தோரு வருஷம் கடிகாரத்தோட குடித்தனம் பண்ணின எனக்கே புத்தியில படலயே! போன் பேச்சு நம்ம நேரத்துக்குப் பத்து இருபதுலேருந்து பதினொண்ணேகால் வரைக்கும். அந்த நேரம் ஷனீஸ் பள்ளிக்கூடத்துல கரண்டி புடிச்சிட்டிருந்தா."

"அப்ப வேற யாரோ..."

"பத்துப் பத்துக்கு என்னை வாசல்ல விட்டே. ரெண்டு தெரு தள்ளி உன் வீடு. பத்து இருபதுக்குப் போன்ல உக்காந்துட்டே. தலைவலின்னு சொன்னியே டி."

"டெல், ஒரு மணி நேர வித்தியாசத்தை வெச்சா என்னைப் போய்..."

"அது மட்டுமா? அடக்கக் காப்பீடு இருபத்து மூணு நாப்பதுன்னு சொல்லியிருக்கே. அது யாருக்குத் தெரியும்?"

"ஷனீஸுக்குத் தெரியாதா?"

டெல்ஃபீன் காபி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ஓலீட்டா மூடியில் இருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மணி ஆர்டர் வாங்கினேன்" என்றாள் கடைசியாக. "ரசீது காட்டினேன்ல?"

"காட்டினே. வாங்கினதுக்குத்தான் ரசீது. யார் பேருக்கு எழுதினேன்னு அந்தத் துண்டுல இருக்காது. இப்ப துண்டெல்லாம் சார்ஜென்ட்கிட்ட இருக்கு. நம்பரைக் குடுத்தா, காசான தாளோட நகலைத் தபால் ஆபீஸ் அனுப்பும். நகல் வர நாளாகும். நீயே சொல்லிட்டா நாளாகாது. யார் பேருக்கு எழுதினே?"

கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. மெர்சர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"என் பேருக்கு. காசாக்கி என் வீட்டுக் கடனைக் கட்டினேன். உறையில வெறும் தாள்தான் வெச்சேன்" என்றாள் ஓலீட்டா.

சொன்ன பிறகு அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "போன வருஷமே என் வீடு ஏலத்துக்கு வர்ற நெலைமை டெல். உனக்குப் பென்ஷன் இருக்கு, உன் கடன் பழைய கடன், உன்னுது வர நாளாகும்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம்னுதான் இருந்தேன். பிப்ரவரியில உன் வீட்டுக்கு ஏலத் தேதி குறிச்சுட்டாங்க. அதை நிறுத்தத்தான் அந்த மனு. சத்தியமா நிறுத்தத்தான். உன்னைக் காப்பாத்தத்தான்!"

"மனு போடற வழியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்காக விசாரிச்சு வெச்சிருந்தேன். ஆலோசனை, சான்றிதழ் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் சர்ச்சுல நாலு பேர் என்ன பேசுவாங்களோன்னு என் பேர்ல போட வெக்கமா இருந்துச்சு."

டெல்ஃபீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேர்ல போட வெக்கம். என் பேர்ல போட வெக்கமா இல்ல."

ஓலீட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் தவணை எவ்வளவு?"

"ஐநூத்துத் தொண்ணூறு."

"அறுநூத்துப் பன்னிரண்டுல மீதி இருபத்திரண்டு?"

"பெட்ரோலுக்கு."

"வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனியே, கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அதுவும் என் பெட்ரோல்தானா?" டெல்ஃபீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே டி, பாவி. இந்த வீட்டுலயே ஒரு ரூமைக் குடுத்திருப்பேனே. அடிமடியில கை வெச்சதுகூடப் போகட்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு பையைக் கொட்டினப்ப, உருண்டு போன உதட்டுச் சாயத்தைப் புடிச்சு நிறுத்தினே பாரு. அப்பவாவது வாயத் திறந்திருக்கலாம்."

மெர்சர் எழுந்தார். ஓலீட்டாவும் எழுந்தாள். கேக்கை எடுத்துக்கொண்டு போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளி, ஜூன் 12. மாலை 5.15.

ஓலீட்டாவின் வாக்குமூலத்தைப் பார்த்து நீதிபதி அந்த வழக்கை டெல்ஃபீன் பெயரிலிருந்து நீக்கிவிட்டார். தடை நீங்கியது. இனி டெல்ஃபீன் தன் சொந்த மனுவைப் போடலாம். அதற்குச் சொந்தமாக ஆலோசனை வாங்க வேண்டும். ஏலத்துக்கு இன்னும் நான்கு நாள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. வாடகைக் காரில் வேலி என்ற பக்கத்து ஊருக்குப் போனாள். கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் ஷனீஸ் ஒண்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் டெல்ஃபீன். "ஓலீட்டாதான்."

"சார்ஜென்ட் சொன்னார்."

"வீட்டுக்கு வா."

ஷனீஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழு வருஷம் உங்க கூட இருந்தேன் அத்தை. ஒரு போலீஸ்காரர் மணி சொன்னதும் என்னைத் திருடின்னு நம்பிட்டீங்க. ஓலீட்டா அத்தைதான்னு நம்பறதுக்கு எத்தனை சாட்சி தேடினீங்க? எனக்கு ஒண்ணுகூடத் தேடலியே."

"கோவத்துல..."

"கோவம் போயிடும். நீங்க போலீஸ்காரர் முன்னாடி பையைக் கொட்டச் சொன்னது போகாது." குரலில் கடுமை இல்லை. அதைத்தான் டெல்ஃபீனால் தாங்க முடியவில்லை. "வீட்டைக் காப்பாத்திக்குங்க. நல்ல வீடு."

டெல்ஃபீன் காபி டப்பாவை நீட்டினாள். ஷனீஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கள், ஜூன் 15. காலை 9.05, பிந்துநேரம்.

ஆலோசகன் குரலில் சின்னப் பையனாக இருந்தான். மரியாதையாகப் பேசினான். பிறந்த தேதி கேட்டான், அரசாங்க எண் கேட்டான், வருமானம் கேட்டான். டெல்ஃபீன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"இந்தக் கடன் நெருக்கடிக்குக் காரணம் என்னங்கம்மா? நான் பட்டியலைப் படிக்கறேன். வேலை போனது, நோய், விவாகரத்து, அளவுக்கு மீறின செலவு."

"அதுல எதுவும் இல்லப்பா."

"அப்ப 'மற்றவை'ன்னு போடறேன். அதுக்குக் கொஞ்சம் விளக்கம் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

"ஒருத்தியை நம்பினேன்னு எழுது."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. அவன் அப்படியே எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

"சரிங்கம்மா. அடுத்து சாப்பாட்டுச் செலவு கணக்குப் பண்ணணும். அதுக்கு முன்னாடி, வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

டெல்ஃபீன் வாயைத் திறந்தாள். பதினேழு வருஷமாக எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் எழுதிய எண் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இது சத்தியப் பிரமாணமாகக் கோர்ட்டுக்குப் போகும் தாள். பொய் சொல்லக் கூடாது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "ஒண்ணு. ஒருத்திதான்."